அம்மன் படத்தின் பின்புறம்

எங்கள் வீட்டு மாரியம்மன் கண்ணாடியில் இருந்தாள். காகிதப் படத்துக்குக் கண்ணாடி போட்டதல்ல, கண்ணாடியிலேயே சாயத்தால் எழுதிய படம். என் மனைவியின் பாட்டன் மன்னாரில் கரையேறி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்தபோது கம்பளியில் சுற்றித் தலையில் சுமந்து வந்தது. கூட வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்துப்போய்விட்டார்களாம். கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் எனக்குத் தச்சு வேலை. வெள்ளிக்கிழமை தோறும் விரதம் இருந்து, மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து அம்மன் முகத்தைத் துடைத்துப் பொட்டு வைப்பது நான்தான். கலியாணம் ஆன நாளிலிருந்து ஒரு வெள்ளி தவறியதில்லை.

தமிழருக்கு எதிரான கலவரத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். மனைவி மாற்றுத்துணி எடுக்கவில்லை, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிளகுக்கொடிகளுக்குள் ஓடினாள். இரண்டு நாள் மழையில் நனைந்து கிடந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சுவர் மட்டும் நின்றது. கூரைத் தகரம் அடித்து மறுபடி அங்கேயே குடியிருந்தோம். எங்களைத் திருப்பி அனுப்பும் அரசாங்க ஒப்பந்தத்தில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எங்கள் முறை வருமா, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில்தான் பல்லேபொல தாண்டி, சிங்களப் பிரபு ஒருவரின் பழைய வளவ்வ வீட்டில் இருந்த, பழம்பொருள் காட்டும் சிறு நூதனசாலைக்கு அலுமாரி செய்யப் போனேன். அங்கே இருந்ததில் பாதி கண்ணாடிச் சாமான். ஊதா நிறத்தில் தொங்குவிளக்கு, விரல் கனத்தில் கழுத்துள்ள பன்னீர்க் குப்பி, ஒல்லாந்தர் விட்டுப்போன கிண்ணங்கள். ஒன்றைத் தூக்கும்போது அங்கேயிருந்த அதிகாரி மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். இந்தச் சாமான்களுக்கு யாரும் நெருப்பு வைக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே பலகையை இழைத்தேன். கதவுக்குப் பூட்டு இருந்தது, பூட்டுக்குக் காவல்காரன் இருந்தான்.

அதிகாரி சிங்களவர், எங்கள் தமிழும் கொஞ்சம் பேசுவார். தச்சர்களைக் கூப்பிடுவதுபோல் என்னைப் பாஸ் என்பார். ஒருநாள் வீட்டில் உள்ள படத்தைப் பற்றிச் சொன்னேன். எழுந்து என் பக்கத்தில் வந்துவிட்டார்.

"பாஸ், இவ்வளவு சாமானில ஒங்க தோட்டத்து ஆளுங்களோடது ஒண்ணுகூட இல்ல, பாத்தீங்களா? கொண்டு வாங்க. நடு அலுமாரியில வைப்போம். ஆனா ஒண்ணும் செய்யாம, இருக்கிற மாதிரியே கொண்டு வாங்க."

சரி மாத்தயா என்று தலையாட்டினேன்.

மனைவி சம்மதிக்கவில்லை. "அங்க ஆத்தாவுக்கு யாரு வெளக்கு வைப்பா? சீட்டு வாங்கிட்டு வேடிக்கை பாக்கிறதுக்கா எங்க பாட்டன் சொமந்து வந்தாரு?"

"அடுத்த தடவ நெருப்பு வச்சா என்ன செய்வ? நம்மளக் கப்பல்ல ஏத்திவிட்டாலும் அவ இங்கதான் இருப்பா. இந்த மண்ணுல நாம இருந்தோம்னு ஒரு சாட்சி வேணாமா புள்ள?"

படத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்படின்னா அழுக்கோட அனுப்பாதீங்க. பொண்ணக் கட்டிக்குடுத்து அனுப்பையில குளிப்பாட்டாமயா அனுப்புவாங்க?"

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. படத்தின் மரச்சட்டத்தில் கறையான் பிடித்திருந்தது. நல்ல முதிரைப் பலகையில் புதுச் சட்டம் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை இருவரும் குளித்துவிட்டு, சூடம் காட்டி, பழைய சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே அத்தனை வருடத்துப் புகையும் தூசியும் கறுப்பாக அப்பிக் கிடந்தன. இத்தனை நாள் முன்பக்கத்தை மட்டும் துடைத்து அம்மனை ஏமாற்றியிருக்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது. வாராவாரம் துடைத்த அதே துணி, அதே மஞ்சள் தண்ணீர். முன்னால் ஒன்றும் ஆகாதது பின்னால் என்ன ஆகப்போகிறது?

முதலில் கறுப்பு வந்தது. பிறகு துணியில் சிவப்பு ஏறியது. குங்குமம் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். அவள் கூவினாள், "ஏங்க, சேலை! ஆத்தா சேலை போகுதுங்க!"

திருப்பிப் பார்த்தேன். சேலை போய், உடம்பின் மஞ்சள் போய், பொன்தாள் சுருண்டு துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணும் மூக்குத்தியும் நெற்றிப் பொட்டும் மட்டும் நின்றன. அவற்றுக்குப் பின்னால் என் கை தெரிந்தது.

ஏதாவது வழி இருக்கும் என்று அடுத்த நாளே அதிகாரியிடம் கொண்டுபோனேன். மாத்தளையில், நூதனசாலை வழியாகப் போகும் கலேவெல பஸ் ஏறும்போது, பழக்கப்பட்ட கண்டக்டர் சிரித்தான். "என்ன பாஸ், இன்னைக்கு வெள்ளை வேட்டி? பொண்ணு பாக்கவா?" மடியில் இருந்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து, "சாமியா? அப்ப சாமிக்கும் ஒரு டிக்கட் எடுங்க" என்றான். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

அதிகாரி கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பாஸ், இந்தப் படத்தை எல்லாம் பின்பக்கம் இருந்துதான் எழுதுவாங்க. முதல்ல கண்ணு, அப்புறம்தான் அது மேல மத்த நிறம். முன்னுக்கு எவ்வளவு துடைச்சாலும் சாயத்தில கை படாது. பின்னுக்குத்தான்..." கண்ணாடியை மெதுவாக மேசையில் வைத்தார்.

"திருப்பி எழுத முடியாதா மாத்தயா?"

"எழுதலாம். அது புதுப் படம். இங்க வைக்க ஏலாது."

நடு அலுமாரி நான் செய்ததுதான். அதிகாரி நடுத்தட்டைக் காலியாக விட்டு, அதில் ஒரு அட்டையும் வைத்திருந்தார். மூன்று மொழியில் அச்சடித்தது. தமிழ் வரியைப் படித்தேன்: தோட்டத் தமிழ் மக்கள் வழிபட்ட மாரியம்மன். அவர் அதை எடுத்து, என்னைப் பாராமல் மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டார்.

பழுதான சாமியை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். ஆனால் கீழே ஆற்றில் பிள்ளைகள் குளிக்கிறார்கள், கண்ணாடி காலை வெட்டும். மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில் குழி தோண்டி, மஞ்சள் துணியில் சுற்றிப் புதைத்தேன். மனைவி தள்ளி நின்று பார்த்தாள். மண்ணை மூடிய பிறகு சொன்னாள்: "பாட்டன் நடந்தே கொண்டாந்தாரு. நீங்க ஒரு துணியால..." அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னும் விரதம் இருக்கிறேன். கண்ணை மூடினால் அம்மனின் முகம் வருவதில்லை. கண் மட்டும் வருகிறது. மன்னித்துவிடு தாயே என்று கேட்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

சில வருடத்தில் மறுபடி கலவரம் வந்தது. மறுபடி நெருப்பு வைத்தார்கள். மனைவி வெறுங்கையோடு ஓடினாள். கொடிகளுக்குள் போனதும் அந்த மரத்தடியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் அழுத்திக்கொண்டாள். கையைப் பிடித்து இழுத்தும் எழவில்லை.

அதன் பிறகு ஒருநாள் கலேவெல பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். நூதனசாலையில் ஒரு ஓடுகூட உடையவில்லை. நான் இறங்கவில்லை.