மஞ்சள் பூசிய பட்டாளத்துக் கல்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில், எங்கள் ஊர் முனையில் ஒரு கல் நிற்கிறது. அதை ஆடு உரசினால் ஆட்டுக்காரனுக்கு வசவு. வண்டிக்காரன் அதில் மாட்டைக் கட்டினால் அவன் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் வசவு. வைகிறவள் சவுரியம்மாள். அவளோடு சேர்ந்து பூச்செடி வைத்தவள் நான். அந்த வாயைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. ஆனாலும் சொல்கிறேன், அவளைப் போல ஒருத்தி எங்கள் பக்கத்தில் கிடையாது.

முதல் பெரிய சண்டையின்போது அவள் தம்பி சூசைமுத்து பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பலேறினான். கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. போனவன் போனவன்தான். எந்த மண்ணில் புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சண்டை முடிந்த பிறகு சர்க்காரில் இந்தக் கல்லை நட்டார்கள். ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்று ஆழமில்லாமல் மேலாக வெட்டி, கறுப்பு மை தீட்டியிருந்தார்கள். பெயர் ஒன்றும் கிடையாது.

நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வரும். அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். சவுரியம்மாள் தம்பிக்கு எங்கே போய் ஏற்றுவாள்? ரோட்டுக்கு வந்து இந்தக் கல்லடியில் ஏற்றுவாள். காற்று அணைக்கும், மறுபடி ஏற்றுவாள்.

மாதா கோயில் பீடத்துக்குப் பூ வளர்க்கிற பெண்கள் நாங்கள் சேர்ந்து மாதா பூந்தோட்டச் சபை என்று வைத்திருந்தோம். முப்பத்தைந்தாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவுரியம்மாள் எங்களை நிறுத்தி வைத்துக்கொண்டாள்.

"பீடத்துக்குப் பூ வெக்க நாம இருக்கிறோம். ரோட்டுல நிக்கிறவனுங்களுக்கு யாரு இருக்கிறாங்க?" என்றாள்.

அவ்வளவுதான். விழுப்புரம் ரயிலடித் தோட்டக்காரரிடம் கெஞ்சிச் சாமந்திக் கன்று வாங்கி வந்தோம். கல்லைச் சுற்றிப் பாத்தி கட்டி, குளத்திலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்தோம். மார்கழியில் பூத்தது பாருங்கள், பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வினையும் அதோடுதான் வந்தது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் அந்த வழியாகத்தான் நடக்கும். சுற்றிலும் பூ, கழுத்தில் மாலை, அடியில் எரிந்த திரி. அவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ சாமி என்று மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் சவுரியம்மாள் புளியும் செங்கல் தூளும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்துக் கழுவினாள். அடுத்த அமாவாசைக்கும் மஞ்சள். அதையும் கழுவினாள். பூசுவதும் கழுவுவதுமாக வருஷங்கள் ஓடின.

பூசுவது வழிப்போக்கர் மட்டும் இல்லை என்பது ஒருநாள் தெரிந்தது. கீழத்தெரு கோவிந்தம்மாள் மஞ்சள் கிண்ணத்தோடு கையும் களவுமாக அகப்பட்டாள்.

"இது என்னா உங்க கோயிலு கல்லா? பூசிக்கினு நிக்கிற?" என்றாள் சவுரியம்மாள்.

"உன் தம்பி ஏறுன கப்பல்லதான் எங்க வீட்டுக்காரரும் ஏறுனாரு. அவரும் திரும்பல. நீ மெழுகுவத்தி கொளுத்துற. அமாவாசைக்கு நான் மஞ்சளு வெக்கிறேன். உனக்கு இன்னா பேஜாரு?"

கோவிந்தம்மாளின் புருஷன் மண்ணாங்கட்டி என்பவனும் மாண்டவர்களில் ஒருவன் என்பது ஊருக்கே தெரியும். சவுரியம்மாளுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கும் கழுவினாள். அத்தனை பிடிவாதம்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், அடுத்த சண்டை நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்து லாரிகள் போவதற்காகச் சாலையை அகலப்படுத்தினார்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் விழுப்புரத்து மேஸ்திரி சீனுவாசன் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் கடப்பாரையோடு ஆட்கள். சாலை அகலத்துக்குக் கயிறு பிடித்துப் பார்த்தால் கல் கயிற்றுக்கு உள்ளே நிற்கிறது.

"பேத்து ஜல்லியா உடைங்க," என்றார்.

பட்டாளத்துக்காரனுக்கு வைத்த கல்லைப் பட்டாளத்து லாரிக்காக உடைக்கிறதாம். சவுரியம்மாள் பாத்தியைத் தாண்டிப் போய்க் கல்லுக்கு முன்னால் நின்றாள்.

"இது சர்க்கார் கல்லுங்க. எழுத்து வெட்டியிருக்குது."

"இருந்தா நான் ஏம்மா தொடப் போறேன்? எங்க, காட்டு பாக்கலாம்."

திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கல் வெள்ளை வெளேரென்று மொட்டையாக நின்றது. எட்டு வருஷச் செங்கல் தூளில் மை முழுக்கப் போய்விட்டிருந்தது. இரண்டு நாளுக்கு முன்னால்கூட அமாவாசை மஞ்சளைக் கழுவியிருந்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

"என் தம்பிய நானே தேச்சி அழிச்சிட்டனே, லூர்து," என்று என் கையைப் பிடித்தாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. மேஸ்திரியைப் பார்த்து, "ஒரு வெத்தல போட்டு முடிக்கிற நேரம் குடுங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று யார் நினைத்தது? கீழத்தெருவை நோக்கி ஓடினாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கோவிந்தம்மாள் வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சளு எடு. ஜல்தி வா. கல்ல உடைக்கப் போறாங்க. மஞ்சளு பூசுன கல்லு மேல எவனும் கடப்பாரை போட மாட்டான்."

கோவிந்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குத்திக்காட்ட எத்தனையோ இருந்தது. ஆனால் அரைத்து வைத்த மஞ்சளை அம்மியிலிருந்து வழித்தெடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினாள்.

இரண்டு பேரும் கல்லில் அப்பினார்கள். சவுரியம்மாள் மஞ்சள் பூசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கூலியாட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். மேஸ்திரிக்குக் கோபம்.

"சாமின்னு ஏமாத்தப் பாக்கறீங்களா? நானே பேக்கறேன்," என்று கடப்பாரையை எடுத்தார்.

பதற்றத்தில் சவுரியம்மாளின் கை பழக்கப்பட்ட வேலையைச் செய்தது. முந்தானையால் கல்லை அழுத்தித் துடைத்துவிட்டாள். மேலே இருந்த மஞ்சள் போயிற்று. வெட்டுக்குள் இறங்கிய மஞ்சள் போகவில்லை. வரிவரியாக எழுத்துகள் மஞ்சளாய் எழுந்து நின்றன.

மேஸ்திரி குனிந்தார். வாய்விட்டே படித்தார். "இந்த ஊரிலிருந்து பெரிய யுத்தத்துக்குச் சென்றவர்கள் பதினொரு பேர். உயிர் துறந்தவர்கள் நான்கு பேர்."

"அதுல ஒன்னு என் தம்பி," என்றாள் சவுரியம்மாள். பிறகு கோவிந்தம்மாளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "ஒன்னு இவ வீட்டுக்காரரு," என்றாள்.

மேஸ்திரி கடப்பாரையை ஆளிடம் கொடுத்தார். "கயித்த அந்தப் பக்கமா தள்ளிக் கட்டுங்கடா," என்றார்.

மறுநாள் கல்லறைத் திருநாளுக்குச் சபைப் பெண்கள் எல்லோரும் ரோட்டுக்கு வந்தோம். சவுரியம்மாள் இரண்டு மெழுகுவத்தி கொண்டுவந்து ஒன்றைக் கோவிந்தம்மாளிடம் நீட்டினாள். அவள் வாங்கி ஏற்றிவிட்டு, "நாளைக்குக் கழுவிடப் போறியா?" என்று கேட்டாள்.

"வர்ற அமாவாசைக்கு மஞ்சளு கொஞ்சம் ஜாஸ்தியா அரச்சிக்கினு வா," என்றாள் சவுரியம்மாள். "எழுத்து மங்கிடப் போவுது."