பயண விருந்தில் மிஞ்சிய ரோல்ஸ்

எண்பதுகளில் கொஞ்சக் காலம் ஊரைவிட்டுத் தள்ளி, கோமாரியில் ஒரு தோட்டத்தில் தேங்காய் உரித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. அதற்கு முன்பே மருதமுனைக் கூட்டாளி ஒருவனும் நானும் ஒரே ஏஜென்டிடம் பாஸ்போட் கொடுத்திருந்தோம். சவூதியில் இரண்டு பேருக்கு இடம் வந்தால் சேர்ந்து போவது என்று பேச்சு. செய்தி வந்ததும் பஸ்காரனிடம் எனக்குச் சொல்லியனுப்புவது அவன் பொறுப்பு.

ஒரு ஞாயிறு பின்னேரம் ஊருக்கு வந்தவன், நேரே தையல்காரக் கூட்டாளியின் வீட்டுக்குப் போனேன். அவனிடம்தான் டீவி இருந்தது. கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. சின்ன வயதில் கல்முனைத் தியேட்டரில் களவாகப் புகுந்து பார்த்த பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. நெசவுக்காரக் கூட்டாளி முற்றத்து அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்து, ஜன்னல் வழியே படத்தில் கண்ணாக இருந்தான். பக்கத்தில் ஒரு பேசின் நிறைய ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட். ஏதோ விருந்தில் மிஞ்சியவை; திரும்பப் பொரித்துக்கொண்டிருந்தான். மேலே பிரட்டிய பாண் தூள் ஊறிச் சொதசொதத்திருந்தன.

"கருகுதுடா! கதாநாயகி அழுதா நீ ஏன்டா கரண்டிய விடுற?" என்றான் தையல்காரன்.

முதல் ரோலை ஊதி ஊதிக் கடித்தேன். நல்ல இறைச்சி.

"எந்த வீட்டு விருந்துடா?"

"சுன்னத்து வீடு," என்றான் தையல்காரன்.

"ஆர்ர மகனுக்கு?"

"மூத்தாப்பாட பேரனுக்கு" என்று தையல்காரனும், "எங்கட மச்சான்ட மகனுக்கு" என்று நெசவுக்காரனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்கள்.

"மருதமுனையான் எங்க, இன்னும் காணல்ல?"

நெசவுக்காரன் சட்டியை இறக்கி வைத்தான். "அவன் நேத்து ராவு சவூதிக்கு ஏறிட்டான்டா. ரெண்டு இடம் வந்த. பெஞ்சாதிட தம்பியக் கூட்டிப் போனான்."

"அப்ப இது அவன்ட பயண விருந்து ரோல்ஸா? நீங்களும் போனீங்களா?"

"ஓம்," என்றான். "பந்தி வெச்சதே நாங்கதான். ஒனக்குச் சொல்லவேணாம் எண்டு சத்தியம் வாங்கிட்டான்."

வாயில் இருந்ததை விழுங்கினேன். பசியாக இருந்ததால் இன்னொன்றும் தின்றேன். படம் முடிய முன்பே எழும்பினேன். ஒருவரும் இருக்கச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் தூரப் பயணம் போகிறவர் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார். எங்கள் வீட்டுக்கும் வந்தானா என்று உம்மாவிடம் கேட்டேன்.

"வந்தான் மகன். என்ட கையப் புடிச்சி அழுதான். ஒன்னக் காணக் கிடைக்கல்லயாம், ஒனக்கும் சேத்து மாமியே மன்னிச்சிருங்க எண்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பயணம் போற புள்ளைட்ட என்ன சொல்ற? மன்னிச்சிட்டம் எண்டுதான் சொன்ன."

ஏஜென்டிடம் இரண்டு பேரும் சேர்ந்து பாஸ்போட் கொடுத்திருந்த கதையை நான் உம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவ கொடுத்த வார்த்தை அவவைத்தான் சுடும். விடிந்ததும் முதல் பஸ்ஸில் கோமாரிக்குப் போனேன். உரிக்கத் தேங்காய் குவிந்து கிடந்தது.