அப்பீல் முடிவதற்குள் போய்விட்ட எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டுக்கொண்டார். எழுத உட்கார்ந்தால் கோர்ட்டும் வாய்தாவும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. அவருடைய கடைசி வருடங்கள் எல்லாம் அதிலேயே போய்விட்டதால், வழக்கை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். சொந்த நிலம் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லாரியில் கிளீனராகச் சேர்ந்த அண்ணன், சில வருடங்களில் டிரைவரானார். தங்கையான என்னைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்ததும், கள்ளக்குறிச்சியில் மெடிக்கல் கடை வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். திருமணமாகி மகள் பிறந்த பிறகு சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி எடுத்தார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் இறக்குவது அவருடைய தொழில்.

காலையில் காலி வண்டியோடு மலை ஏறுவார். பொழுது சாயும்போது லோடோடு இறங்குவார். மலைப்பாதையில் யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்துவார். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சந்தைக்குக் கடுக்காய் மூட்டையோடு இறங்குகிறவர்கள் என்று தினமும் யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்கள். அதே சமயம் அண்ணனுக்குக் கோபம் சட்டென்று வரும். சாப்பாட்டில் உப்பு கூடினால்கூடத் தட்டைத் தள்ளிவிடுவார். சற்று நேரம் கழித்து அவரே வந்து சாப்பிடுவார். அவர் இல்லாத நாளில் அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்தக் கோபம்தான் வழக்குக்குக் காரணமான அந்த நாளில், மலைமேல் இருக்கும் கரியாலூரில் வந்தது. முருகேசன் என்ற கிழங்கு வியாபாரிக்கும் அண்ணனுக்கும், யாருடைய மூட்டைகளை முதலில் எடை போடுவது என்று வாய்த்தகராறு. சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய், சுற்றி இருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். முருகேசன் மோட்டார் சைக்கிளில் கீழே கிளம்பினார். அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு பிறகு கிளம்பினார். பிரசவத்துக்குச் சேர்த்திருந்த மகளைப் பார்க்கக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று, மலைக் கிராமத்தைச் சேர்ந்த சின்னப்பொண்ணு அக்கா அண்ணனின் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பாதி மலை இறங்கியபோது ஒரு வளைவில் மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் கிடந்தது. ஓரத்தில் தலையில் அடிபட்டு முருகேசன் கிடந்தார். கொஞ்ச நேரம் முன்பு தன் சட்டையைப் பிடித்தவர் என்று அண்ணன் யோசிக்கவில்லை. இருவருமாகத் தூக்கி வண்டியின் முன் பக்கம் ஏற்றினார்கள். சின்னப்பொண்ணு அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த முருகேசனுக்கு அப்போது பேச்சு இருந்தது. "மாடு குறுக்க வந்துட்ச்சி" என்று சொன்னார். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே எடுத்துக்கொண்டு போனதும் அக்கா மகள் இருந்த வார்டுக்குப் போய்விட்டார். முருகேசன் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னது அண்ணன்தான். அவர்கள் வந்து சேர்ந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். விடிவதற்குள் முருகேசன் இறந்துவிட்டார்.

மறுநாள் போலீஸ் அண்ணனை அழைத்துப் போனது. கரியாலூரில் நடந்த தகராறு அதற்குள் கீழே வரைக்கும் தெரிந்திருந்தது. ஜாக்கி கம்பியால் அடித்துவிட்டு, தப்பிப்பதற்காகத் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார் என்பது அவர்கள் எழுதிய கதை.

"வண்டில ஒரு அம்மா இருந்தாங்க சார். அவுங்கள கேளுங்க" என்று அண்ணன் என் கண் முன்னாலேயே சொன்னார்.

"மலைல எந்த அம்மாவ போய் தேடறது? நீ பேர சொல்லு, ஊர சொல்லு" என்றார் ஸ்டேஷனில் இருந்தவர்.

அண்ணனுக்குப் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. வழியில் ஏறுகிறவர்களிடம் அவர் அதெல்லாம் கேட்பதில்லை.

ஜாமீனில் வந்ததும் அவர் முதலில் செய்த வேலை அந்த அம்மாவைத் தேடியதுதான். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு கிராமமாக விசாரித்து, கடைசியில் சாமை காயவைத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு அக்காவைக் கண்டுபிடித்தோம். நடந்ததைக் கேட்டு அவர் திகைத்துப் போனார். "அய்யோ, இந்தத் தம்பி அவர தூக்கினு ஓடுன ஓட்டத்த நான் பாத்தனே. எங்க வந்து சொல்லணும்னு சொல்லுங்க, வரேன்" என்றார்.

இனி பயமில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கினோம். எங்கள் வக்கீலிடம் போய்ச் சொன்னபோது அவர் கேஸ் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அடிச்சத பாத்த சாட்சியே அவுங்ககிட்ட கெடையாது. நாமளா போய் எதுக்கு ஆள் கொண்டாந்து நிறுத்தணும்? மலைக்கார அம்மா கூண்டுல ஏறி எதுனா ஒளறி வச்சா, அப்புறம் என்ன கேக்கக் கூடாது."

"அவுங்க உள்ளத சொல்லப் போறாங்க சார். ஒளற இன்னா இருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"கேச நீ நடத்தறியா, நான் நடத்தறதா?"

படித்தவர், அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டோம். வழக்கு வருடக் கணக்கில் இழுத்தது. நாங்கள் போகும் நாளில் சாட்சி வரமாட்டார். சாட்சி வந்தால் எங்கள் வக்கீல் வேறு ஊருக்குப் போயிருப்பார். இருவரும் வந்தால் நீதிபதி விடுப்பு. அண்ணன் ஒவ்வொரு முறையும் லோடை விட்டுவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். கரியாலூர் தகராறைப் பார்த்தவர்கள் வரிசையாக வந்து பார்த்ததைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் ஆளில்லை. ஏழு வருடம் சிறை என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பன்று வக்கீல் எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அப்பீல் மெட்ராஸ்ல போடணும், அது தனி." எத்தனை நாளைக்குள் போட வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போனபோது அவருடைய உதவியாளர் வாசலிலேயே நிறுத்தி, "சார் பிசி" என்றார். கேஸ் கட்டைத் திரும்ப வாங்குவதற்கே பலமுறை நடந்தோம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கமே இலவசமாக வக்கீல் தரும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. வழக்கின் முதல் நாளிலேயே அதைக் கேட்டிருக்கலாம். கோர்ட் வாசலில் அதற்கென்று ஓர் அறை இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் நாங்கள் வருடக் கணக்கில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். உள்ளே போய்க் கேட்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சிறைக்குள் வாரம் ஒருமுறை வரும் சட்ட உதவி வக்கீல் ஒருவர்தான் அண்ணனிடம் விவரம் கேட்டு அப்பீலுக்கு ஏற்பாடு செய்தார். சென்னையில் எங்களுக்கு ஒரு பெண் வழக்கறிஞரை நியமித்தார்கள். என்னைவிட வயதில் சிறியவர். கட்டு முழுவதையும் படித்துவிட்டு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வண்டியில வேற யாரும் இல்லையாம்மா?" என்பது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நாங்கள் சொல்லாமலே ஒருவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் முயற்சியால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். சின்னப்பொண்ணு அக்காவின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் மனுப் போட்டார். அதற்குப் பிறகு காத்திருந்தோம். பட்டியலில் வழக்கு வரவில்லை என்பார்கள். வந்தது, நேரமில்லை என்பார்கள். அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது என்பார்கள். அந்த வழக்கறிஞர் அம்மா எனக்குச் சலிக்காமல் போனில் சொல்லுவார். அதை அண்ணனிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

அண்ணனின் வண்டி எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. வேறு வண்டியும் யாரும் நம்பிக் கொடுக்கவில்லை. அப்பா அம்மா போன அதே கரும்பு வெட்டுக்கு அவரும் போனார். மகளுக்கு வந்த வரன்கள் பேசி முடிக்கும் நேரத்தில் நின்றுவிடும். ஒரு மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேராகவே, "ஜெயிலுக்குப் போன வூட்டுல எப்பிடிங்க சம்பந்தம் பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணனுக்கு அன்று கோபம் வரவில்லை. "அவுங்க கேக்கறதுல இன்னா தப்பு? கோர்ட்டே சொல்லிட்ச்சி இல்ல" என்றார். அவருடைய கோபத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

சிறையிலேயே சர்க்கரை முற்றியிருந்தது. பிறகு சிறுநீரகம் போனது. டயாலிசிஸ் செய்யப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம். அங்கே படுத்துக்கொண்டு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பாப்பா, வுட்டுட்டாங்கனு ஒரு வார்த்த வந்துட்டா போதும். அப்புறம் இருந்தாலும் சரி, போனாலும் சரி." அந்த வார்த்தை வரவில்லை. போன வருடம், வீட்டில், அண்ணியும் மகளும் நானும் பக்கத்தில் இருக்கும்போது அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார்.

காரியத்துக்கு முன்பே வழக்கறிஞர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பீல் போட்டவர் இறந்தால் அப்பீலும் அதோடு முடிந்துவிடும். நெருங்கிய சொந்தம் யாராவது ஒரு மாதத்துக்குள் மனுப் போட்டால் மட்டுமே தொடர்ந்து நடத்த முடியும். அண்ணி பேசும் நிலையில் இல்லை. நான் போடுகிறேன் என்றேன்.

அன்று வீட்டில் கூடியிருந்தவர்களில் சிலர் இந்த மலரையும் படிப்பீர்கள். வருத்தப்பட வேண்டாம், நடந்ததை எழுதுகிறேன். பெரியப்பா, "அவனே பூட்டான். இன்னும் கேசு இன்னாத்துக்கு? மண்ணோட போட்டும், வுடும்மா" என்றார்.

"அவரு போய்ட்டாரு பெரியப்பா. கொலகாரன்ற பேரு இங்கதான இருக்கு?" என்றேன்.

இறப்புச் சான்றிதழ் வாங்கும் அலைச்சலில் மறுநாள் எனக்குத் துணையாக வந்தவர் அதே பெரியப்பாதான். காரியம் முடிந்த மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறி மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் இருந்தவரை நகராத வழக்கு, அவர் போன பிறகு நகர்ந்தது. சின்னப்பொண்ணு அக்காவைக் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் விசாரித்து அனுப்பும்படி உத்தரவு வந்தது. அக்காவுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. பேரன் கைத்தாங்கலாகப் பிடித்து அழைத்துவந்தான். கூண்டில் நின்று, வளைவில் வண்டி நின்றதிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நிதானமாகச் சொன்னார். அரசு வக்கீல் எழுந்தார்.

"இவ்ளோ வருஷம் இத ஏன் சொல்லாம இருந்தீங்க?"

"யாரும் கேக்கலீங்க" என்றார் அக்கா.

வெளியே வந்தபோது முருகேசனின் மனைவி நின்றிருந்தார். இத்தனை வருடமும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எங்களைப் பார்க்காமலே போனவர். நான் ஒதுங்கினேன். அவர் நேராக அக்காவிடம் வந்து, "ஒங்க மடிலதான் இருந்தாரா? வேற எதுனா சொன்னாரா?" என்று கேட்டார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்குதுன்னாரும்மா. வூட்ல சொல்லிடாதீங்க, பயந்துக்குவானு சொன்னாரு. ஒன்னத்தான் சொல்லிக்கினு வந்தாரு."

அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சேர வேண்டிய கடைசி வார்த்தை இத்தனை காலமும் மலையில் இருந்திருக்கிறது. எங்கள் அண்ணனுக்கு மட்டும்தான் அநியாயம் நடந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அன்றோடு போயிற்று.

இரண்டு மாதங்களுக்கு முன்பு தீர்ப்பு வந்தது. தண்டனை ரத்து, விடுதலை. வாசிக்கக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். கோர்ட் படியில் இறங்கும்போது ஆத்திரம்தான் வந்தது. சின்னப்பொண்ணு அக்கா அன்றைக்கு மலையில் எங்களிடம் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தையும் புதிதாகச் சொல்லவில்லை. முதல் வருடமே அவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டிருந்தால் என்ன?

அண்ணனுக்காக மலையிலிருந்து இறங்கிவந்த சின்னப்பொண்ணு அக்காவுக்கும், அவருடைய பேரனுக்கும், இறந்த பிறகும் அண்ணனை விடாமல் வாதாடிய வழக்கறிஞர் அம்மாவுக்கும், சிறையில் அப்பீலுக்கு வழி செய்த வக்கீல் ஐயாவுக்கும், பெரியப்பாவுக்கும், டயாலிசிஸ் பிரிவு செவிலியர்களுக்கும், நான் கேட்டபோதெல்லாம் விடுப்புத் தந்த கடை முதலாளிக்கும், ஒருநாளும் கணவர்மேல் சந்தேகப்படாத அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முருகேசன் அவர்களின் மனைவி தீர்ப்புக்குப் பிறகு வீட்டுக்கு வந்து அண்ணன் படத்துக்குப் பூப் போட்டுவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி.

உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். அண்ணன் கைதானது ஊருக்கெல்லாம் ஒரே நாளில் தெரிந்தது. விடுதலையானது இன்னும் பலருக்குத் தெரியாது. அதை நாங்கள் எத்தனை வீடு ஏறிச் சொல்வது? நீங்கள் போகும் ஊர்களில் யாராவது இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், அவர் அந்த மனிதரை அடிக்கவில்லை, காப்பாற்றத்தான் தூக்கி வந்தார் என்று சொல்லுங்கள்.