செல்வநாயகி குடிக்காத தண்ணீர்

செல்வநாயகி விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மை அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவள். பெண்களுக்கென்று அங்கே கக்கூஸ் கிடையாது. அதனால் காலையில் போனால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். நீர்க்கடுப்பு வந்தால் மெடிக்கலில் ஏதோ ஒரு வலி மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, மறுநாளும் அப்படியே போய் நிற்பாள். இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது.

கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதுகுப் பக்கம், விலா எலும்புக்கு அடியில், கைப்பிடி அளவுக்கு இருக்கவேண்டிய கிட்னி இரண்டும் சுருங்கிக் கிடந்தன.

"ரத்தத்துல சேர்ற அழுக்கையும் மிஞ்சின தண்ணியையும் பிரிச்சு வெளிய தள்றது இதுங்கதாம்மா," என்றார் டாக்டர். "இனிமே மெஷின்தான் அதைச் செய்யணும். தண்ணி குடிக்கிறதைக் கொறைச்சுக்குங்க."

அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வாரம், கூட வேலை பார்த்த கயல்விழி பார்க்க வந்திருந்தாள். "கம்பெனியில நமக்குன்னு கக்கூஸ் கட்டிட்டாங்கக்கா. டைல்ஸ் போட்டு, கொழாயெல்லாம் வெச்சிருக்காங்க."

செல்வநாயகி வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள்.

"கட்டட்டும்டி," என்றாள். "எனக்குத்தான் இப்ப மூத்திரமே வரதில்லை."