பூட்ஸ் தடத்தில் ஒரு கீறல்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலில் இருந்து சிவகிரி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு குளத்தங்கரையில் இது நடந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படித்தது நாலாம் வகுப்பு. அரைக்கால் சட்டையோடு தறிக்கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போனவன். இன்றைக்கு என் சொந்தக் கூடத்தில் நாற்பது விசைத்தறி ஓடுகிறது. நூலை விரலில் உருட்டிப் பார்த்தே எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன். காலேஜ் படித்த என் மேனேஜர் அதையே மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரிதான் முதலாளி" என்பார். பெருமைக்குச் சொல்லவில்லை, இது ஊருக்கே தெரியும். என் தலையில் மிளகாய் அரைத்தவன் இதுவரை கிடையாது.

ஆனால் சுகர் மட்டும் பதினைந்து வருஷமாக என்னோடு இருக்கிறது. தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் ஒரு காலேஜ் டீச்சர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு குளம், மலையடிவாரம் என்று பறவை பார்க்கப் போவார். நானும் சேர்ந்துகொண்டேன். "மழை பெய்திருக்கு, சேறும் முள்ளுமா கிடக்கும், பூச்சி பொட்டும் இருக்கும். எல்லாரும் நல்ல ரப்பர் பூட்ஸ் வாங்கிருங்க" என்று சொல்லியிருந்தார்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு. நல்ல கனம், உள்ளே துணி ஒட்டியது, அடிப்பாகம் டிராக்டர் டயர் மாதிரி இருந்தது. இன்னொன்று பச்சை. கையில் எடுத்தால் பூ மாதிரி இருந்தது. நான் என்ன செய்தேன்? துணி பார்க்கிறவன் அல்லவா, மேல்பக்கத்தை இரண்டு விரலால் தடவினேன், கசக்கினேன். பச்சைதான் வழவழவென்று இருந்தது.

"அண்ணாச்சி, அது வாசல் கழுவ, கார் கழுவ உள்ளது. காட்டுல நடக்கணும்னா கறுப்பை எடுங்க."

"யாருக்குவே சொல்லுதீரு? முரடா இருந்தா மட்டம், மெல்லுசா இருந்தா ஒசத்தி. இதுகூடத் தெரியாமலா இத்தனை தறி ஓட்டுதேன்?"

அதோடு விட்டேனா? ஒரு சைஸ் பெரிதாகவும் எடுத்தேன். எதை வாங்கினாலும் கொஞ்சம் தாராளமாக வாங்குவதுதான் எங்கள் வழக்கம், துவைத்தால் சுருங்குமே! கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைசிவரை அந்தப் பூட்ஸைத் திருப்பி அடிப்பாகத்தை நான் பார்க்கவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளம் நிறைந்து கிடந்தது. தண்ணீரே தெரியாத அளவுக்குப் பறவை. கூழைக்கடா நூறு இருநூறு சேர்ந்து ஒரே நேரத்தில் எழும்பியபோது, எங்கள் கூடத்தில் கரண்ட் வந்ததும் எல்லாத் தறியும் ஒன்றாக ஓடத் தொடங்குமே, அந்த மாதிரி காதடைத்தது. வாயைப் பிளந்து நின்றேன். மடையைத் தாண்டி, ஈரக் கரிசலில் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே எல்லாருக்கும் முன்னால் நான்தான் விறுவிறுவென்று நடந்தேன். "பாத்தீயளா, இந்த வயசுல இந்த நடை" என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனேன். இன்னும் இரண்டு மணி நேர நடை பாக்கி இருந்தது. எதிரே ஓடையைக் கடக்கவேண்டும். எருமை படுத்துக் கலங்கிக் கிடந்த ஓடை.

அப்போது பின்னால் இருந்து ஒரு சத்தம்: "ஓடைக்குள்ள எறங்காதீங்க! நில்லுங்க!"

ஆடு மேய்க்கிற ஒரு பெண் தொரட்டிக் கம்போடு ஓடி வந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அடியில கட்டம் கட்டமா இருக்க பூட்ஸு யாரு போட்டிருக்கா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. லாடம் அடிக்க நிறுத்தின மாடு மாதிரி எல்லாரும் ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டினார்கள். கட்டம் போட்டது என்னுடையதுதான்.

"என்னோடதுதான். என்ன இப்போ?"

"வலது காலுல முள்ளு ஏறியிருக்கு அண்ணாச்சி. உக்காருங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எனக்குத் தெரியாம எனக்கு முள்ளா? நான் கல்லு மாதிரி இருக்கேன் தாயி. நீ போயி ஆட்டைப் பாரு."

"கல்லுக்குத்தான் வலி தெரியாது. உக்காருங்கன்னா உக்காருங்க."

நாற்பது தறி முதலாளியான நான் அந்த ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தேன். குதிகாலில் ஒரு கை, நுனியில் ஒரு கை பிடித்து அவள் பூட்ஸை நேராக உருவினாள். வெள்ளை சாக்ஸின் முன்பாதி முழுக்க ரத்தம். டீச்சர் "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் பூட்ஸின் உள்பக்கத்தைக் காட்டினாள். பெருவிரலுக்குக் கீழே, சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு சீமைக்கருவேல முள் நட்டுக்கொண்டு நின்றது. வெளியே ஒரு மொட்டு அளவுக்குத்தான் குச்சி மிச்சம்.

எனக்கு ஒரு துளி வலி இல்லை. ரத்தத்தைப் பார்த்ததைவிட அதுதான் எனக்கு நடுக்கம் கொடுத்தது.

"இது உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?" என்று டீச்சர் கேட்டார்.

"தடத்துல கிடக்கே" என்று சாதாரணமாகச் சொன்னாள். "ஆட்டைப் பத்திக்கிட்டு நானும் மதினியும் உங்களுக்குப் பின்னாலதான் வந்தோம். மடைகிட்ட வலது கால் தடத்துல ஒரு நீளக் கீறல் கிடந்துச்சு. சரி, குச்சி ஒட்டியிருக்கு, விழுந்திரும்னு நெனைச்சேன். போகப் போகக் கீறல் சின்னதாவுது. இங்கன பாருங்க, வெறும் புள்ளிதான். குச்சி விழுந்தா ஒண்ணுமே இருக்காது. புள்ளியாச்சுன்னா உள்ள ஏறுதுன்னுதான அர்த்தம்?"

பக்கத்தில் இருந்த என் தடத்தைத் தொரட்டி நுனியால் காட்டினாள். குனிந்து பார்த்தேன். கட்டத்துக்கு நடுவே மிளகு அளவு ஒரு புள்ளி. அடுத்த தடத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி.

"சுகர் உண்டுமா?" என்றாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"முள்ளு ஏற ஏற நீங்க நொண்டவே இல்லியே. ரெண்டு காலும் ஒரே அழுத்தமால்லா விழுந்திருக்கு. ஆடுன்னா மூணாவது எட்டுலயே காலைத் தூக்கிரும். அப்ப அது உணர்வு செத்த காலு. அதான் ஓடியாந்தேன். பூட்ஸும் உங்களுக்குப் பெருசு. குதிங்கால் பக்கம் மண்ணு இழுபட்டிருக்கு."

நான் அதுவரை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததில்லை, அவளும் என்னைப் பார்த்ததில்லை. ஈர மண்ணில் கிடந்த தடத்தை வைத்துக்கொண்டு என் வியாதியைச் சொல்கிறாள், என் செருப்பு சைஸைச் சொல்கிறாள், எனக்கே தெரியாத முள்ளைச் சொல்கிறாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவள் இடுப்பில் ஒரு முள்வாங்கி தொங்கியது. "நுனி உள்ள இருந்தா எடுத்துவிடேன்" என்றேன்.

"ஆட்டுக்குன்னா எடுத்திருவேன். சுகர் காலுல நான் கைவைக்க மாட்டேன் அண்ணாச்சி. காலை மண்ணுல ஊனாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. இனிமே ஓடைத் தண்ணி படப்பிடாது." பிறகு, "மதினி தனியா ஆட்டை வெச்சுக்கிட்டு நிக்கா, வெள்ளாமைக்குள்ள விழுந்திரும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி ஓடிவிட்டாள். நன்றி என்ற வார்த்தை என் வாயில் வருவதற்குள் மரங்களுக்குள் மறைந்துபோனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உள்ளே ஒடிந்திருந்த நுனியை எடுத்துப் போட்டார். எலும்புக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. "இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, அந்த ஓடைத் தண்ணியும் உள்ளே போயிருந்தா, விரலை மட்டும் வெட்டி எடுக்கிறதோட நான் விட்டிருப்பேனான்னு சொல்ல முடியாது" என்றார். மூன்று வாரம் கட்டிலில் கிடந்தேன். "ரப்பரு தொவைச்சா சுருங்கும்னு ஒரு சைஸ் கூட வாங்குன ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்று என் வீட்டுக்காரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

புண் ஆறியதும் அதே கடைக்குப் போனேன். இந்தத் தடவை சாயங்காலம் போனேன், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டேன். முதலில் பூட்ஸைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தேன், கட்டைவிரலால் அமுக்கினேன், அசையவில்லை. விரல் மடங்குகிற இடத்தில் வளைத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. உள்ளே தையல், மேடு ஏதும் உறுத்துகிறதா என்று என் வீட்டுக்காரியைக் கைவிட்டுத் தடவச் சொன்னேன், என் காலை இனி நம்ப முடியாதே. கடைக்குள்ளேயே பத்து நடை நடந்தேன், குதிகால் தூக்கவில்லை. "இப்பதான் சரியா எடுத்திருக்கீய" என்றார் கடைக்காரர். அதே கறுப்புப் பூட்ஸ்தான். இப்போதெல்லாம் போடும் முன்னால் கவிழ்த்துத் தட்டுவேன், வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன்.

தை மாதம் மறுபடியும் அந்தக் குளத்துக்குப் போனோம். கையில் அவளுக்கென்று ஒரு ஜோடி புதுப் பூட்ஸ் வைத்திருந்தேன். மடைக்குப் பக்கத்தில் ஆட்டோடு நின்றாள். "தாயி, என்னைத் தெரியுதா?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நாலு எட்டுப் போய், குனிந்து மண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இப்ப நல்லா நடக்கீய அண்ணாச்சி" என்றாள்.

பூட்ஸை நீட்டினேன். டயர் செருப்புப் போட்ட தன் காலைக் காட்டிச் சிரித்தாள். "இந்தக் கனத்தைப் போட்டுக்கிட்டு ஆட்டுக்குப் பின்னால ஓட முடியுமா? உங்களுக்குத்தான் அது வேணும். என் காலுக்கு முள்ளு குத்துனா தெரியும்லா."

எத்தனையோ பேரிடம் கும்பிடு வாங்கியவன் நான். அன்றைக்கு நான் கும்பிட்டேன். இப்போதும் ஈர மண்ணில் நடக்கும்போது நின்று திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு வெறும் பூட்ஸ் தடம்தான் தெரிகிறது. ஆனால் நான் கடந்து போன பிறகும் நான் யார், எனக்கு என்ன குறை என்பதெல்லாம் அந்த மண்ணில் கிடக்கிறது என்பதையும், முகம் தெரியாத ஒருத்தி அதைப் பார்த்துப் பதறிக்கொண்டு ஆட்டை விட்டுவிட்டு ஓடி வந்தாள் என்பதையும் நினைத்தால், இந்த வயதிலும் என் உடம்பு சிலிர்த்துத்தான் போகிறது.