மூழ்கிய கப்பலின் பெயர்

போடிமெட்டு ஏற்றத்துக்கு முன், சோதனைச் சாவடியில் ஜீப் நிற்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பக்கத்து இருக்கை அம்மாள் செல்போனை நீட்டுகிறார். மகன் இருக்கும் போர்க்கப்பல் மூழ்கிவிட்டதாக யாரோ கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பியிருக்கிறார்கள்.

"போனே போகமாட்டேங்குதுண்ணே."

கடற்படை அலுவலகத்தில் கப்பல்களைக் காகிதத்தில் மட்டும் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான்.

"கடல்ல டவர் ஏதும்மா? இது பழைய கப்பல். எப்பவோ முழுகிருச்சு. அதே பேரைப் புதுசுக்கு வைக்கிறது நடைமுறை."

"முழுகுனதோட பேரையா வச்சிருக்காக?"

"மகனுக்கு யார் பேரு?"

"எங்கய்யா பேரு. இதே ரோட்டுலதான் ஜீப்பு கவுந்து செத்தாரு."

சாவடித் தடுப்பு உயர்கிறது. ஜீப் முதல் வளைவில் சாய்கிறது. அவர் ஒரு கையால் மகனை மறுபடி அழைக்கிறார்; மறு கையால் கம்பியைப் பிடிக்கிறார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.