யானை வழிக்கு ஒரு கோடு

மன்னாருக்குப் பக்கத்து வங்காலையில் பிறந்த பிரஷாந்தி, மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள். கொம்பியூட்டர் படித்ததும் அங்கேதான். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவளுக்குக் கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் வரைபடம் கீறும் வேலை கிடைத்தது. ஆபத்தான காணிகளுக்குச் சிவப்பு, வெடி எடுத்து முடித்த காணிகளுக்குப் பச்சை. அந்த வேலை ஓய்ந்தபோது, யானைகளை ஆராயும் குழுவொன்று அவளைச் சேர்த்துக்கொண்டது.

மடு என்ற ஊருக்குப் பக்கத்தில், மீள்குடியேறியவர்களின் வயல்களைச் சுற்றி மின்வேலி போட இருந்தார்கள். யானைகள் நடக்கும் வழியை அடைத்தால் அவை வேலியை உடைத்துவிடும். எனவே முதலில் வழி தெரியவேண்டும். வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்த பிரஷாந்தி, ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க யானைக்கு எவ்வளவு சிரமம் என்று எண் கொடுத்தாள். சிரமம் குறைந்த கட்டங்களைக் கோத்து கொம்பியூட்டர் ஒரு கோடு கீறியது. அது அங்கே வயல் செய்யும் கமக்காரர் தில்லைநாதனின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையால் போனது.

கோட்டைக் காட்டியதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ர ஒழுங்கையாலை ஒரு நாளும் யானை போனதில்லை, பிள்ளை. வயலுக்கை இறங்கிறது மேற்காலை."

"மேற்கிலை என்ன இருக்கு, ஐயா?"

"வெடி எடுத்த காணி. இப்ப பத்தைக்காடு. சனம் இன்னும் பயத்திலை அங்காலை போறேல்லை."

பிரஷாந்திக்கு அந்தக் காணி நினைவுக்கு வந்தது. அந்தக் காணியின் எல்லையைக் கீறியவளே அவள்தான். பச்சைக் காணியென்றால் சனம் குடியேறியிருக்கும் என்று நினைத்துப் பெரிய எண்ணாகக் கொடுத்திருந்தாள். ஆளில்லாத பற்றைக்காடு யானைக்கு எவ்வளவு நிம்மதி!

குழுவின் கந்தோருக்கு ஓடிப்போய், கொம்பியூட்டரில் அந்த எண்ணைக் குறைத்தாள். கோடு ஒழுங்கையை விட்டு விலகி, பற்றைக்குள்ளால் நேரே யானைகள் தண்ணீர் குடிக்கும் குளத்துக்கு இறங்கியது.

மறுநாள், ஏதும் கடந்தால் தானாகவே படம் எடுக்கும் கமராவை அங்கே மரத்தில் கட்ட இருவரும் போனார்கள். தில்லைநாதன் காணியின் எல்லையில் நின்றுவிட்டார்.

"பயப்படாதேங்கோ, ஐயா. நான் முன்னுக்குப் போறன், நீங்கள் பின்னாலை வாங்கோ."

சில நாள் கழித்துக் கமராவைத் திறந்தார்கள். முதலில் ஒரு குரங்கு. பிறகு மான். பிறகு திரை முழுக்கச் சாம்பல் நிறம், ஒரு பெரிய காது. அதன் பின்னால் யானைக் கூட்டம். நடுவில், தாயின் காலோடு ஒட்டியபடி ஒரு குட்டி.

"வந்திருக்கு, ஐயா! நாங்கள் கீறின கோட்டிலையே வந்திருக்கு!" என்று கத்தினாள் பிரஷாந்தி.

"குட்டியுமோ? எங்கை, காட்டு பிள்ளை!" பறிக்காத குறையாகக் கமராவை வாங்கினார் அவர்.

ஊர்க்கூட்டம் அந்தப் படத்தைப் பார்த்து, மேற்குப் பக்கத்தைத் திறந்துவிட்டு வயலோடு ஒட்டி வேலி போடச் சம்மதித்தது. அந்தப் போகம் நெல் மிதிபடாமல் வீடு வந்ததென்று தில்லைநாதன் ஃபோனில் சொன்னார். அவர் முடிக்குமுன்பே பிரஷாந்தி கேட்டாள்:

"குட்டியைக் கண்டனீங்களோ?"

"ஓம், கண்டனான். நல்லா வளந்திட்டுது!"